நிற்கும்போது தெரியும் வண்டியின் குணம்

வாசகர் கேள்வி – பதில்

இருபத்திரண்டு ஆண்டுகள் சிறிய மோட்டார் சைக்கிளிலேயே பினாங்கைச் சுற்றி வந்த நான், இப்போது ஓர் ‘அட்வென்சர் டூரர்’ (சாலையிலும் மண்ணிலும் நெடுந்தூரம் போவதற்கான உயரமான மோட்டார் சைக்கிள்) வாங்கியிருக்கிறேன் என்று சென்ற இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள், அந்த இதழில் நான் எழுதிய மற்ற எல்லாவற்றுக்கும் வந்த கடிதங்களைவிட அதிகம் என்பதால், இந்த மாதப் பக்கத்தை முழுவதும் அதற்கே ஒதுக்கிவிட்டேன். வண்டி வீட்டுக்கு வந்து பதினொரு வாரங்கள் ஆகின்றன; இதை எழுதும்போது ஓடியிருக்கும் தூரம் 4,300 கிலோமீட்டர். விளம்பரம் ஆகிவிடக் கூடாது என்பதால் என் வண்டியின் பெயரைச் சொல்லவில்லை. 500 சிசிக்குச் சற்றுக் குறைவான இரட்டைச் சிலிண்டர் இயந்திரம், 200 கிலோவை ஒட்டிய எடை, முன்னால் 19 அங்குலச் சக்கரம், 17 லிட்டர் டாங்கி என்ற அளவில் தெரிந்துகொண்டால் போதும்.

ஐயா, என் உயரம் ஐந்தடி நான்கு அங்குலம். காட்சியறையில் இப்படிப்பட்ட வண்டியில் ஏறி உட்கார்ந்து பார்த்தேன். இரண்டு கால்களின் விரல்நுனி மட்டுமே தரையில் பட்டது. விற்பனையாளர் ‘பழகிவிடும்’ என்கிறார். என் தம்பியோ ‘தாழ்த்தும் லிங்க் போட்டுவிடலாம்’ என்கிறான். யார் சொல்வது சரி?
— தொழிற்சாலை மேற்பார்வையாளர், புக்கிட் மெர்தாஜாம்

இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் இருவருமே வண்டி ஓடுவதைப் பற்றிப் பேசுகிறார்கள். உங்கள் சிக்கலோ வண்டி நிற்பதைப் பற்றியது. இந்த வகை வண்டிகள் ஓடத் தொடங்கிவிட்டால் எடையே இல்லாதவை போல நடந்துகொள்ளும். அவற்றின் உண்மையான எடை தெரிவது நின்ற பிறகுதான்: சிவப்பு விளக்கில், பெட்ரோல் நிலையத்தின் சரிவில், வீட்டு வாசலின் கால்வாய் மூடியின் மேல். நான் இந்தப் பதினொரு வாரங்களில் கற்றவற்றில் பெரும்பகுதி மணிக்குப் பத்துக் கிலோமீட்டருக்கும் குறைவான வேகத்தில் கற்றதுதான்.

முதலில் அளவுகளைப் பார்ப்போம். ஹோண்டா என்எக்ஸ்500 வண்டியின் இருக்கை உயரம் ஏறத்தாழ 830 மில்லிமீட்டர். ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450இல் அதை 825, 845 என்ற இரண்டு உயரங்களில் வைத்துக்கொள்ளலாம். சுசுகி வி-ஸ்ட்ரோம் 800டிஇயில் 855, யமஹா டெனெரே 700இல் 875. ஆனால் இந்த எண்களை மட்டும் வைத்துக்கொண்டு முடிவுக்கு வந்துவிடாதீர்கள். இருக்கையின் முன்பகுதி குறுகலாக இருந்தால் கால்கள் நேராக இறங்கும். அகலமாக இருந்தால் தொடைகள் விரிந்து, அதே உயரத்திலும் பாதம் எட்டாமல் போகும். அதோடு, நீங்கள் ஏறி உட்காரும்போது சஸ்பென்ஷன் (அதிர்வைத் தாங்கும் ஸ்பிரிங் அமைப்பு) அமுங்கி வண்டி சற்றுத் தாழும். எவ்வளவு தாழும் என்பது உங்கள் எடையையும் பின்பக்க ஸ்பிரிங்கின் இறுக்கத்தையும் பொறுத்தது. எவர் எடைக்கோ இறுக்கி வைக்கப்பட்ட ஸ்பிரிங்கோடு காட்சியறையில் நிற்கும் வண்டியில் ஏறி, ‘எனக்கு எட்டவில்லை’ என்று இறங்கிவிடுவது, அடுத்தவருடைய செருப்பைப் போட்டுப் பார்த்துவிட்டுக் கடையையே விட்டு வெளியேறுவதைப் போன்றது. உங்கள் எடையைச் சொல்லி, அதற்கேற்ப ஸ்பிரிங்கைத் தளர்த்தி வைக்கச் சொல்லிவிட்டு மறுபடியும் உட்கார்ந்து பாருங்கள்.

தம்பி சொல்லும் லிங்க், அதாவது பின்பக்க சஸ்பென்ஷனில் மாற்றிப் பூட்டும் இணைப்புத் துண்டு, பின்பக்கத்தை இரண்டு மூன்று சென்டிமீட்டர் இறக்கும், அதில் ஐயமில்லை. ஆனால் பின்பக்கம் மட்டும் இறங்கினால் முன்சக்கரத்தின் சாய்வுக் கோணம் மாறி, திருப்பங்களில் ஹேண்டில் சோம்பலாகத் திரும்பும். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கையும் அதற்கு ஈடாக இறக்க வேண்டும். அப்போது வண்டியின் அடிவயிற்றுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி குறையும்; சைட் ஸ்டாண்டின் நீளம் மிகுதியாகி, வண்டி நிமிர்ந்து நின்று, பலமாகக் காற்றடித்தால் மறுபக்கம் விழும். ஸ்டாண்டை வெட்டி ஒட்ட வேண்டியிருக்கும். ஒன்றைத் தொட்டால் நான்கைத் தொட வேண்டியிருக்கிற இந்த வேலையை நான் கடைசி வழியாகவே வைத்துக்கொள்வேன். அதற்கு முன்னால் செய்யக்கூடியவை: தாழ்ந்த இருக்கை அந்த வண்டிக்குத் தனியாகக் கிடைக்கிறதா என்று கேட்பது, அடிப்பகுதி தடிமனான காலணி அணிவது, எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டு கால்களையும் ஒன்றாக ஊன்ற வேண்டும் என்ற எண்ணத்தை விட்டுவிடுவது. எனக்கும் ஐந்தடி ஐந்து அங்குலம்தான். நிற்கப்போகும்போது இடுப்பை இருக்கையின் இடது ஓரத்துக்கு நகர்த்தி, இடது பாதத்தை முழுவதுமாக ஊன்றி, வலது காலைப் பின்பிரேக்கிலேயே வைத்துக்கொள்கிறேன். சாலை எந்தப் பக்கம் தாழ்ந்திருக்கிறது என்பதை நிற்பதற்குப் பத்து மீட்டர் முன்பே பார்த்துவிட வேண்டும். தாழ்ந்த பக்கத்தில் காலை ஊன்றப் போனால், கால் தரையைத் தேடும் அந்த அரை நொடியில் வண்டி சாய்ந்துவிடும். சற்றே சாய்ந்த 200 கிலோவை ஒரு காலால் தாங்கலாம், நன்றாகச் சாய்ந்துவிட்டால் ஒருவராலும் தாங்க முடியாது.

இதை ஏட்டறிவாகச் சொல்லவில்லை. வண்டி வந்த ஒன்பதாம் நாள், ஆயர் ஈத்தாமில் எங்கள் சந்து முனையில் நடைவேகத்தில் முழுவதுமாகத் திரும்பிக்கொண்டிருந்தபோது, குறுக்கே ஒரு பூனை வர, முன்பிரேக்கை இழுத்தேன். ஹேண்டில் கடைசிவரை திரும்பியிருக்கும் நிலையில் முன்பிரேக்கை இழுத்தால், வண்டியின் பாரம் முழுவதும் திரும்பிய பக்கம் சரியும் என்பதை நாற்பது வயதைத் தாண்டிய பிறகு அன்றுதான் உடம்பால் தெரிந்துகொண்டேன். பூனை போய்விட்டது. கிளட்ச் பிடி வளைந்தது. ஹேண்டில் முனையில் உள்ள கைக்காப்பில் ஒரு கீறல். எதிர்வீட்டு மளிகைக்கடைக்காரர் ஓடி வந்து தூக்கிவிட்டதில் என் மானத்தில் இன்னொரு கீறல். மெதுவாகத் திரும்பும்போது பின்பிரேக் மட்டும், கிளட்ச் பாதி, பார்வை போக வேண்டிய இடத்தில் என்பதைக் காலியான கார் நிறுத்துமிடம் ஒன்றில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் பழகினேன். நீங்களும் பழகுங்கள், விற்பனையாளர் சொல்லும் ‘பழகிவிடும்’ என்பது தானாக நடப்பதில்லை.

விழுந்த வண்டியை ஒருவரே தூக்க முடியுமா? எனக்கு முதுகில் ஏற்கெனவே வலி உண்டு.
— வாசகர், கூலிம்

முடியும், ஆனால் முதுகால் அல்ல. இயந்திரத்தை அணையுங்கள். வண்டி வலப்பக்கம் விழுந்திருந்தால், தூக்குவதற்கு முன்பே சைட் ஸ்டாண்டைத் திறந்து வையுங்கள். இல்லாவிட்டால் தூக்கிய வேகத்தில் மறுபக்கம் போய்விடும். உருளாமல் இருக்க கியரில் போடுங்கள். பிறகு வண்டிக்கு முதுகைக் காட்டித் திரும்பி, இருக்கை ஓரத்தில் இடுப்பைப் பதித்து, ஒரு கையால் ஹேண்டிலின் தாழ்ந்த முனையையும் மறு கையால் பின்பக்கக் கைப்பிடியையும் பற்றி, சிறு சிறு அடிகளாகப் பின்னோக்கி நடந்தால், தொடைகளின் வலுவில் வண்டி எழுந்துவிடும். வண்டியில் மாட்டிய பயணப் பெட்டிகள் நிறைந்திருந்தால் முதலில் அவற்றைக் கழற்றுங்கள். முதுகுவலி உள்ளவர், யாராவது வரும்வரை ஓரமாகக் காத்திருப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

முதல் ஆயிரம் கிலோமீட்டரில் எப்படி ஓட்டினீர்கள்? ‘புதிய வண்டியை அடித்து ஓட்டினால்தான் இயந்திரம் திறக்கும்’ என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.
— தனியார் நிறுவன ஊழியர், பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்

கையேட்டில் உள்ளபடி ஓட்டினேன். பிஸ்டன் வளையங்களும் சிலிண்டர் சுவரும் ஒன்றோடொன்று உராய்ந்து படிவதற்கு இயந்திரத்தின் சுழற்சி ஏறியிறங்க வேண்டும். ஒரே வேகத்தில் நெடுஞ்சாலையில் இருநூறு கிலோமீட்டர் போவது இதற்கு உதவாது, தொடக்கத்திலேயே முழு விசையைக் கொடுப்பதும் உதவாது. அதனால் முதல் அறுநூறு கிலோமீட்டரையும் தீவுக்குள்ளேயே முடித்தேன். தெலுக் பாஹாங்கிலிருந்து பாலிக் பூலாவ் போகும் மலைச்சாலை, ஏற்றமும் இறக்கமும் வளைவுமாக இதற்கென்றே போட்டது போல இருக்கிறது. டுரியான் பருவமாகவும் இருந்ததால் வழியில் நிற்பதற்குக் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. பெரும்பாலான நிறுவனங்கள் முதல் பராமரிப்பை 1,000 கிலோமீட்டரில் வைத்திருப்பது எண்ணெயில் கலந்திருக்கும் மெல்லிய உலோகத் துகள்களை வெளியேற்றத்தான், அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

நண்பர்கள் இயந்திரத்தைப் பற்றியே பேசுவார்கள். டயரைப் பற்றிச் சொல்ல மாட்டார்கள். புதிய டயரின் மேற்பரப்பு வழுவழுப்பாக இருக்கும். முதல் நூற்றைம்பது கிலோமீட்டர் வரையாவது மழையிலும் வளைவிலும் அடக்கமாக ஓட்ட வேண்டும். என் வண்டி கடையிலிருந்து வந்தபோது பின்டயரில் 48 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தின் அலகு) காற்று இருந்தது. கப்பலில் வரும் வண்டிகளுக்கு மிகுதியாகக் காற்றடைப்பது வழக்கம். ஒப்படைக்குமுன் அதைக் குறைப்பது கடையின் கடமை, அன்று யாரோ மறந்திருக்கிறார்கள். சங்கிலிக் காப்பின்மேலோ பின்சக்கரத்தைத் தாங்கும் சட்டத்தின்மேலோ ஒட்டியிருக்கும் சீட்டில் சரியான அளவு இருக்கும். டயர் சூடாகும்முன் காலையிலேயே பாருங்கள். பெட்ரோல் நிலையத்துக் கருவி கிலோபாஸ்கல் காட்டினால், 36 பிஎஸ்ஐ என்பது ஏறத்தாழ 250 என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். அங்குள்ள குழாயின் தலை, பிரேக் தட்டுக்கும் சக்கரக் கம்பிகளுக்கும் இடையில் நுழையாமல் படுத்தும். வளைந்த வால்வு இணைப்பு ஒன்று சில வெள்ளிக்கு (ரிங்கிட்) கிடைக்கிறது, அதைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் பி2 உரிமம் இருக்கிறது. இதை வைத்துக்கொண்டு ஓட்டலாமா? சாலை வரி எவ்வளவு?
— கல்லூரி மாணவர், சுங்கைப் பட்டாணி

ஓட்டக் கூடாது. பி2 என்பது 250 சிசி வரை மட்டுமே. சட்டத்தில் 500 சிசி வரைக்கான பி1 வகுப்பும் உண்டு என்றாலும், எப்படியும் செலவு செய்து பயிற்சிக்குப் போகப்போகிறீர்கள் என்பதால் அளவு வரம்பில்லாத ‘பி’ முழு உரிமத்தையே எடுத்துவிடுங்கள். தகுதியில்லாத உரிமத்தோடு விபத்து நேர்ந்தால் காப்புறுதி கைகொடுக்காது. சாலை வரி தீபகற்ப மலேசியாவில் 251 முதல் 500 சிசி வரை ஆண்டுக்கு 100 வெள்ளி, 800 சிசி வரை 250 வெள்ளி, அதற்கு மேல் 350 வெள்ளி. வண்டி வாங்கும் செலவில் இது கொசுறு.

தினமும் பத்து கவானிலிருந்து இரண்டாம் பாலம் வழியாக பாயான் லெப்பாஸ் போகிறேன். உயரமான வண்டிக்குக் காற்று அதிகம் பிடிக்குமே, பயமில்லையா?
— மின்னணுத் தொழிற்சாலைப் பணியாளர், பத்து கவான்

பிடிக்கத்தான் செய்கிறது. 1985இல் திறந்த முதல் பாலம் 13.5 கிலோமீட்டர், 2014இல் திறந்த உங்கள் பாலம் 24 கிலோமீட்டர், அதில் ஏறத்தாழ 17 கிலோமீட்டர் கடலின்மேல். மரமோ கட்டடமோ தடுக்காத அந்தத் தொலைவில் பக்கக் காற்று வண்டியை ஒரு சாண், இரண்டு சாண் தள்ளும். பாலத்தில் போன முதல் வாரம் நான் செய்த தவறு, பயத்தில் ஹேண்டிலை இறுகப் பிடித்ததுதான். கைகள் இறுகினால் காற்று நம் உடம்பை ஆட்டும் ஆட்டமெல்லாம் ஹேண்டில் வழியாக முன்சக்கரத்துக்குப் போய்ச் சேர்ந்து, வண்டி இன்னும் அதிகமாக ஆடும். முழங்கால்களால் டாங்கியை அணைத்துக்கொண்டு, முழங்கைகளைத் தளர்த்திவிட்டால், வண்டி தன் நேர்கோட்டைத் தானே தேடிக்கொள்கிறது. உங்கள் பாலத்தில் மோட்டார் சைக்கிளுக்குத் தனித்தடம் இருப்பது பெரிய ஆறுதல். முதல் பாலத்தில் லோரி ஒன்று நம்மைக் கடக்கும்போது காற்று ஒரு கணம் தடைபட்டு, பிறகு ஒரேயடியாக வந்து மோதும்; அதை எதிர்பார்த்து வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். காலிப் பெட்டிகளை மாட்டிக்கொண்டு பாலத்தில் போவது, பாய்மரத்தைக் கட்டிக்கொண்டு போவதற்குச் சமம். வேலைநாள்களில் கழற்றி வீட்டில் வையுங்கள்.

முன்கண்ணாடியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பலர் கேட்டிருக்கிறார்கள். உயரமான கண்ணாடி போட்டால் காற்று தொல்லை தராது என்பது பாதிதான் சரி. கண்ணாடியின் விளிம்பைத் தாண்டி வரும் காற்று சுழன்று தலைக்கவசத்தின் நெற்றியில் மோதினால், மார்பு அமைதியாக இருந்தாலும் தலை கடகடவென்று ஆடும். நேரான சாலையில் இடது கையை மெல்ல உயர்த்திப் பார்த்தால் காற்று எந்த உயரத்தில் குழம்புகிறது என்பது தெரியும். எனக்கு, இருந்த கண்ணாடியை மிகத் தாழ்ந்த நிலையில் வைத்தபோதுதான் நிம்மதி கிடைத்தது. நல்லவேளை, பெரிய கண்ணாடி வாங்கியிருக்கவில்லை. இரு பாலங்களிலும் மோட்டார் சைக்கிளுக்கான கட்டணம் 2019 தொடக்கத்திலிருந்து நீக்கப்பட்டுவிட்டதால், இந்தச் சோதனையை எத்தனை முறை வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம்.

என் கணவர் இதைப் போன்ற வண்டி வாங்கியிருக்கிறார். அவருக்கு மகிழ்ச்சி, பின்னால் உட்காரும் எனக்கு இடுப்புவலி. அண்ணன், பின்னால் உட்காருபவரைப் பற்றியும் ஒரு வார்த்தை எழுதுங்கள்.
— இல்லத்தரசி, ஈப்போ

தங்கையே, இந்தக் கேள்வியை எழுத வேண்டியவர் உங்கள் கணவர். பின்னிருக்கையில் ஆள் ஏறியதும் அவருடைய பாரம் ஏறத்தாழ முழுவதும் பின்சக்கரத்தின்மேல் விழுகிறது. அவர் தனியாக ஓட்டும்போது வைத்திருந்த அளவிலேயே ஸ்பிரிங்கை விட்டிருந்தால், ஒவ்வொரு மேட்டிலும் அது கடைசிவரை அமுங்கி, அந்த அடி நேராக உங்கள் இடுப்புக்கு வருகிறது. இருக்கைக்குக் கீழே அல்லது பக்கத்தில், ஒரு ஸ்பேனராலோ கைத்திருகாலோ அதை இறுக்கும் வசதி இருக்கும். நீங்கள் ஏறும் நாளில் சில படிகள் இறுக்கச் சொல்லுங்கள், பின்டயரின் காற்றையும் இருவருக்கான அளவுக்கு ஏற்றச் சொல்லுங்கள். என் மனைவி முதல் பயணத்திலேயே புகார் சொன்னார். இந்த இரண்டையும் செய்த பிறகு சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலைக்குப் போய் வந்தோம், புகார் பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதிக்கு டாப் பாக்ஸில் (பின்னிருக்கைக்குப் பின்னால் பூட்டும் பெட்டி) ஒட்டிய முதுகு மெத்தையும், ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை நிறுத்துவதும் மருந்தாயின. தாப்பா வழியான பழைய சாலையில் அவரை ஏற்றிக்கொண்டு போக நான் இன்னும் துணியவில்லை. வளைவுகள் நெருக்கமானவை, பேருந்து எதிரே வந்தால் சரிவில் நிறுத்த வேண்டியிருக்கும், இருவர் பாரத்தோடு சரிவில் நிற்பதுதான் இந்த வண்டியில் எனக்கு இன்றும் கைவராத கலை.

வண்டி நின்று, அவர் இரு காலையும் ஊன்றி, ‘ஏறலாம்’ என்று வாயால் சொன்ன பிறகே ஏறுங்கள், இறங்கும்போதும் அப்படியே. எங்கள் வீட்டில் இது எழுதப்படாத சட்டம்.

‘அட்வென்சர்’ என்கிறீர்களே, இது காட்டு வண்டியா, சாலை வண்டியா? இதுவரை மண்ணில் இறக்கினீர்களா, உண்மையைச் சொல்லுங்கள்.
— ஓய்வுபெற்ற ஆசிரியர், நிபோங் திபால்

உண்மையைச் சொன்னால், 4,300 கிலோமீட்டரில் மண்ணில் ஓடியது நாற்பது கூட இருக்காது. இந்த வகையின் மூதாதை என்று பலரும் சுட்டும் வண்டி 1980இல் வந்த பிஎம்டபிள்யூ ஆர் 80 ஜி/எஸ். அந்த இரண்டு எழுத்துகளே ஜெர்மன் மொழியில் கரடுமுரடான நிலத்தையும் சாலையையும் குறிப்பவை, அதாவது உங்கள் கேள்விக்கு அவர்கள் ‘இரண்டும்தான்’ என்று பெயரிலேயே பதில் எழுதிவிட்டார்கள். அடுத்த ஆண்டே அவ்வண்டியை அடிப்படையாகக் கொண்ட பந்தய வண்டியில் ஊபர் ஓரியோல் என்ற வீரர் பாரிஸ்–டக்கார் பாலைவனப் பந்தயத்தை வென்றார். 1988இல் ஹோண்டாவின் ஆப்பிரிக்கா ட்வின் வந்தது. பாலைவனப் பந்தயத்துக்காகப் பிறந்த நீண்ட சஸ்பென்ஷனும் நிமிர்ந்த அமர்வும் நெடுந்தூரப் பயணிகளுக்கும் வசதியாக இருந்ததால், பாலைவனத்தைக் கண்ணால் பார்க்காத நம்மைப் போன்றவர்கள் கைக்கும் இந்த வண்டிகள் வந்து சேர்ந்திருக்கின்றன.

முன்சக்கரத்தைப் பார்த்தாலே ஒரு வண்டியின் எண்ணம் தெரிந்துவிடும். 21 அங்குலம் என்றால் கல்லிலும் குழியிலும் ஏறியிறங்க விரும்புகிறது. 17 என்றால் சாலையை விட்டு இறங்க விருப்பமில்லை. 19 என்பது இடைப்பட்ட சமரசம். என் வண்டி சமரசக் கட்சி. அதன் டயர்களும் சாலைக்கானவை. உலர்ந்த சரளைக் கல்லில் ஓடும், மழை பெய்த செம்மண்ணில் டயரின் பள்ளங்களில் சேறு அடைத்துக்கொண்டு சோப்பைப் போல வழுக்கும். செபராங் பிறையில் தெரிந்தவர் ஒருவரின் அனுமதியோடு ஒரு செம்பனைத் தோட்டத்துச் சாலையில் போய்ப் பார்த்தேன். தோட்டச் சாலைகள் தனியார் நிலம் என்பதை மறந்து நுழைபவர்கள் பலர், காவலரிடம் பிறகு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். நின்றுகொண்டே ஓட்டுவது, உடம்பின் பாரத்தைக் கால்மிதியில் வைப்பது, முன்பிரேக்கை ஒரு விரலால் மட்டும் தொடுவது என்று படித்ததையெல்லாம் செய்ய முயன்றேன்.

அந்தச் சாலையில் போகும்போது என் தந்தையார்தான் நினைவுக்கு வந்தார். ரப்பர்த் தோட்டத்தில் விடிவதற்கு முன், இரண்டு பக்கமும் பால்வாளிகள் தொங்க, வழுக்கும் செம்மண்ணில், குழாய்க் காலணியோடு ‘ஹோண்டா கப்’ என்னும் ஒரு பழைய சிறிய மோட்டார் சைக்கிளை ஓட்டிச் சென்றவர் அவர். அந்த வண்டியை இந்நாட்டுக்குக் கொண்டு வந்தவர் பினாங்கைச் சேர்ந்த வணிகர் லோ பூன் சியூ. கப்பை அவர் பெயராலேயே ‘பூன் சியூ’ என்று அழைத்த தலைமுறை அது. 200 மில்லிமீட்டர் சஸ்பென்ஷனும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் பிரேக்கும் இழுவைக் கட்டுப்பாடும் கொண்ட வண்டியில் நான் நாற்பது கிலோமீட்டரை வியர்த்துக்கொண்டு கடந்ததை அவரிடம் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்.

கிரிக்கிலிருந்து ஜெலி வரையிலான கிழக்கு–மேற்கு நெடுஞ்சாலையில் போகத் திட்டமிடுகிறேன். பெட்ரோல் போதுமா? யானைகள் வரும் என்கிறார்களே?
— லோரி ஓட்டுநர், பட்டர்வொர்த்

ஆறாம் வாரத்தில் நானும் போய்வந்தேன். மணிக்கு 90 முதல் 100 கிலோமீட்டர் வேகத்தில் என் வண்டி லிட்டருக்கு 27 கிலோமீட்டர் தருகிறது. பெட்டிகளோடு 110 வரை போனால் 24க்கு இறங்குகிறது. 17 லிட்டர் டாங்கிக்கு அது தாராளம். ஆனாலும் கிரிக்கில் நிரப்பிக்கொண்டுதான் புறப்பட்டேன், ஏனெனில் அங்கிருந்து ஜெலி வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் காடும் தெமெங்கோர் ஏரியும் மலையும்தான். 1982இல் திறக்கப்பட்ட இச்சாலையில் மேற்பரப்பு சில இடங்களில் அலையலையாக அமுங்கிக் கிடக்கிறது. இந்த வகை வண்டிக்கான பணம் அங்கேதான் திரும்பி வருகிறது: சிறிய வண்டியில் முதுகெலும்பை எண்ண வைக்கும் அந்த அலைகளை, நீண்ட சஸ்பென்ஷன் விழுங்கிக்கொண்டு போகிறது.

யானை வரும். நான் பார்த்தது சாலையில் கிடந்த, இன்னும் ஆவி பறந்த சாணத்தை மட்டுமே. அதுவே போதுமாக இருந்தது. பொழுது சாய்வதற்குள் காட்டைத் தாண்டிவிடும்படி புறப்படுங்கள். வழியில் யானை நின்றால், ஹாரன் அடிக்காமல், ஓரமாக நுழைந்து கடக்க முயலாமல், தொலைவிலேயே நிறுத்துங்கள். திரும்பிப் போக வேண்டியிருந்தால் குறுகலான சாலையில் அரைவட்டம் அடிக்க வேண்டும், அந்த நேரத்தில் என்னைப் போலப் பூனைக்குப் பயந்தவரின் கதி உங்களுக்கு நேரக் கூடாது. லோரி ஓட்டுநரான உங்களுக்கு மழையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. இரண்டு சக்கரத்தில் போகும் மற்ற வாசகர்களுக்கு: மழை தொடங்கிய முதல் பத்து நிமிடம் சாலையில் படிந்த எண்ணெய் மிதந்து வரும், வெள்ளைக் கோடுகளின்மேல் பிரேக் பிடிக்காதீர்கள். மழையில் ஓட்டிய இரவே சங்கிலியைத் துடைத்து எண்ணெய் விடுங்கள். இவ்வகை வண்டிகளின் சங்கிலி சாதாரண வண்டியைவிடத் தளர்வாகத் தொங்குவது இயல்பு, சஸ்பென்ஷன் அதிகம் அமுங்குவதால் அப்படி வைத்திருக்கிறார்கள். ‘தொய்ந்திருக்கிறது’ என்று இறுக்கிவிடாதீர்கள்.

பிடிக்காதது எதுவுமே இல்லையா? எல்லாரும் புது வண்டியைப் புகழத்தான் செய்கிறார்கள்.
— வாசகர், கிள்ளான்

இருக்கிறது. மாலை ஆறு மணிக்கு ஜெலுத்தோங் பக்கம் நெரிசலில் நின்றால், குளிர்விக்கும் மின்விசிறி சுழன்று வலது முழங்காலில் அனல் அடிக்கிறது. இருக்கை முதல் ஒன்றரை மணி நேரம் நன்றாக இருக்கிறது, பிறகு பலகையாகிவிடுகிறது. வண்ணத்திரையில் தேவையான ஒன்றைத் தேட நான்கு பொத்தான்களை அழுத்த வேண்டியிருக்கிறது; தலைக்கவசத்தின் கண்ணாடி மழையில் நனைந்திருக்கும்போது அதைத் தேடுவதைவிட நிறுத்திவிடுவது மேல். கார்களுக்கு இடையில் சிறிய வண்டியில் நுழைந்த இடைவெளிகளில் இதன் ஹேண்டில் நுழையாது. கார்க் கண்ணாடியின் உயரமும் என் கைக்காப்பின் உயரமும் ஒன்றாக இருப்பதை முதல் வாரமே ஒரு கார்க்காரர் எனக்கு உரத்த குரலில் தெரியப்படுத்தினார். காலையில் ரொட்டி வாங்கக் கடைக்குப் போக இன்றும் பழைய சிறிய வண்டியைத்தான் எடுக்கிறேன். அதை விற்றுவிடச் சொன்ன நண்பரின் பேச்சைக் கேட்காதது நல்லதாயிற்று.

தாய்லாந்துக்குப் போக என்னென்ன வேண்டும்?
— வாசகர், அலோர் ஸ்டார்

கடப்பிதழ், வண்டியின் பதிவுச் சான்று, உரிமம், தாய்லாந்தின் கட்டாயக் காப்புறுதி, வண்டியைத் தற்காலிகமாக உள்ளே கொண்டு செல்வதற்கான படிவங்கள். வண்டி கடனில் இருந்தால் வங்கியின் அனுமதிக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். 2025 மே முதல், வருகை அட்டையை இணையத்தில் முன்கூட்டியே நிரப்ப வேண்டும். நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து புக்கிட் காயு ஈத்தாம் எல்லைச் சாவடி அருகில்தான்; ஆனால் வளைவுகளை விரும்புபவர் என்றால் பெங்காலான் ஹுலு வழியாகத் தாய்லாந்தின் பெத்தோங் ஊருக்குப் போங்கள். தாய்லாந்தில் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் என்பதை எல்லை மூடும் நேரத்தைக் கணக்கிடும்போது மறக்க வேண்டாம்.

கைவசம் இருநூறு வெள்ளிதான் மிச்சம் இருக்கிறது. வண்டிக்கு முதலில் எதை வாங்கிப் பூட்டலாம்?
— வாசகர், தாமான் செந்துல், கோலாலம்பூர்

இயந்திரத்தைச் சுற்றிய காப்புக் கம்பி வாங்கப் பணம் போதாது, விளக்குகள் அவசரமில்லை. சைட் ஸ்டாண்டின் அடியில் பூட்டும் அகலமான பாதத் தகடு வாங்குங்கள், நூறு வெள்ளிக்குள் முடிந்துவிடும். நம் வெயிலில் நண்பகலில் தார் இளகும். மழைக்குப் பிறகு புல்தரை இளகும். பெட்டிகளோடு நிற்கும் வண்டியின் பாரம் முழுவதும் ஒரு பெரிய நாணயத்தளவு இரும்பின்மேல் இறங்கினால், நீங்கள் தேநீர் குடித்து முடிப்பதற்குள் ஸ்டாண்ட் மெல்ல மெல்லப் புதைந்து வண்டி சாய்ந்துவிடும். தண்ணீர்மலை அடிவாரத்தில் ஒரு நண்பகலில் என் வண்டி அப்படிச் சாயத் தொடங்கியதை, பூக்கடை அம்மா ஒருவர் கூப்பிட்டுச் சொன்னதால் காப்பாற்றினேன். அவரே கடையிலிருந்த ஒரு பால்மாவு டப்பாவின் மூடியைக் கொடுத்து, “இதைப் போட்டு நிறுத்துங்க தம்பி” என்றார். தகடு வாங்கிப் பூட்டிய பிறகும் அந்த மூடி டாப் பாக்ஸில்தான் இருக்கிறது. அதன் அடியில் தார் அரை வட்டமாக ஒட்டியிருக்கிறது.